கட்டிலைத் திருப்பிப் போட்ட பிறகு

ஈரத்துணியைப் பிழிந்து, கணவரின் இடது கையைத் தோளிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். முழங்கையைத் தாண்டியதும் துணி நின்றுவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே, உள்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, நடுவில் உரிந்திருந்தது.

“இது எப்பலேர்ந்து?”

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எது?”

“இங்க பாருங்க. எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”

“முந்தாநாள் சாயந்தரம் பார்த்தேன். வலிக்கல.”

“அந்தக் கையில எதுதான் வலிச்சிருக்கு?”

இருபத்திரண்டு வருஷம் மருத்துவமனை வார்டில் உதவியாளராக இருந்தவள் அவள். நோயாளியைப் புரட்டுவது, துடைப்பது, தோலில் சிறு சிவப்பு தெரிந்தாலும் நர்ஸிடம் சொல்வது, இதுதான் அவள் வேலை. நேற்று அவசரத்தில் அவருக்கு முகத்தையும் முதுகையும் மட்டும் துடைத்துவிட்டு ஓடியிருந்தாள். வார்டில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள்.

கணவர் லாரி மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் உணர்ச்சியற்று விழுந்துவிட்டது. படுத்தே கிடக்கிற உடம்பில் கடைச் சோப்புப் போட்டால் தோல் வறண்டு வெடித்தது. அதற்காகத்தான் எண்ணெயும் காஸ்டிக் சோடாக் காரமும் வாங்கி, அடுப்படியில் தானே சோப்புச் செய்ய ஆரம்பித்தாள். வாசனை எதுவும் சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று கேட்டார்கள், எதிர் வீட்டில் இரண்டு கேட்டார்கள். “என்னக்கா, முகர்ந்து பார்த்தா ஒண்ணுமே வரலியே” என்று குறை சொல்லிக்கொண்டேதான் வாங்கினார்கள். வாங்கியவர்கள் மறுபடி வந்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் தெருவில் அவள் பெயரே சோப்பு அக்கா என்று ஆகிப்போனது. பிறகு பெரிய ரோட்டில் பரிசுப் பொருள் கடை வைத்திருந்த பெண், நாற்பத்தெட்டு கட்டி வேண்டும் என்று கேட்டாள்.

சோப்பை ஊற்றி, அறுத்து, ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். இருந்ததோ ஒரே அறை. தட்டு ரேக் நிறுத்த இடமில்லாமல், கணவர் படுத்திருந்த கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டாள். இடம் கிடைத்தது. ஆனால் அதுவரை அவள் நிற்கிற பக்கம் இருந்த நல்ல கை சுவரோரம் போய்விட்டது. விழுந்த கை அவள் பக்கம் வந்தது.

ஒவ்வொரு முறையும் சோப்பு வீட்டை விட்டுப் போவதற்கு முன் அவர் கையில் குழைத்துத் தடவி, சற்று நேரம் விட்டு, “எரியுதா?” என்று கேட்பாள். முதலில் நாக்கு நுனியால்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உன் நாக்கு போயிட்டா அப்புறம் என்னை யாரு திட்டுவா? என் கை சும்மாதானே கிடக்கு” என்றவர் அவர்தான். அன்றிலிருந்து, இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு, “ஓடும், ஓடும். வண்டியை எடு” என்று தீர்ப்புச் சொல்வார்.

முந்தாநாளும் கேட்டாள். “எரியுதா?”

“இல்ல” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவளும் எந்தக் கை என்று பார்க்கவில்லை.

இப்போது துணியைப் போட்டுவிட்டு, ரேக்கில் மிச்சமிருந்த துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். பேட்டரி முனையை நக்கினதுபோலச் சுள்ளென்று இழுத்தது. ஓடிப்போய் வாய் கொப்பளித்தாள். கொப்பளிக்கும்போதே எல்லாம் நினைவுக்கு வந்தது. காரம் அளந்துகொண்டிருந்த அன்று, படுக்கை நனைந்துவிட்டது என்று அவர் கூப்பிட்டார். விரிப்பை மாற்றி, அவரைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, ஏற்கெனவே போட்ட காரத்தையே மறுபடி ஒரு கிண்ணம் போட்டிருக்கிறாள். சோப்பு கல்லாக இறுகியது. நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். காரம் கூடியதால் அறுக்கும்போது ஓரம் பொடிந்ததற்குக் கத்தியைத் திட்டினாள்.

“பார்த்த அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“நீ பெட்டி கட்டிக்கிட்டு இருந்த. ஏதோ பாட்டு முணுமுணுத்த. எத்தனை நாளாச்சு அதைக் கேட்டு. கெடுக்க வேணாம்னு போர்வையை இழுத்து விட்டுக்கிட்டேன்.”

அவர் கையைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி, மெல்லிய துணி சுற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் கடைக்குக் கிளம்பினாள்.

நேற்றுக் காலை கொடுத்த பெட்டியில் ஒன்பது கட்டி விற்றுப்போயிருந்தது.

“அக்கா, யாரும் வந்து ஒண்ணும் சொல்லலையே” என்றாள் கடைக்காரப் பெண். “நீங்களா ஏன் ஊரைக் கூட்டறீங்க?”

“எங்க வீட்டுக்காரருக்குத் தோல் உரிஞ்சிருக்கு.”

“அவர் உடம்பு முடியாதவரு.”

“உடம்பு முடியாதவங்களுக்குன்னுதானே நான் இதைச் செய்யவே ஆரம்பிச்சேன்?”

மிச்சக் கட்டிகளைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டாள். ஒரு தாளில், இந்தச் சோப்பைப் போட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள். கடைக்காரப் பெண் தடுக்கவில்லை. “ஒட்டிக்குங்க. ஆனா இனிமே உங்க சோப்பு இங்க வேணாம்க்கா. தப்பா நினைக்காதீங்க.”

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? தானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

“யாரு யாரு வாங்கினாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“எங்க ஞாபகம் வெச்சுக்கறது? ஒருத்தர் மட்டும், குழந்தை பிறந்து பத்து நாளாச்சு, வாசனை இல்லாததா வேணும்னு கேட்டு வாங்கினாரு. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி தெருன்னாரு.”

உடனே போனாள். அதற்குள் இருட்டிவிட்டது. தட்டிய இரண்டு கதவும் திறக்கவில்லை. கணவருக்கு மாத்திரை கொடுக்கிற நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, காரத்தை இரண்டு தடவை போட்டதை அவரிடம் சொன்னாள்.

“நான் அன்னைக்குக் கூப்பிடாம இருந்திருக்கணும்” என்றார்.

“நனைஞ்சா கூப்பிடாம? ஊறிக் கிடப்பீங்களா?” மாத்திரையை அவர் வாயில் போட்டாள். “பேசாம முழுங்குங்க.”

பத்து நாள் தோல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிரசவ வார்டிலும் நாலு வருஷம் இருந்திருக்கிறாள். அன்று இரவு அவள் தூங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவரைப் புரட்டித் துடைத்து, புண்ணுக்குத் துணி மாற்றினாள். ரேக்கைக் காலி செய்து வெளியே தள்ளினாள். கட்டிலை ஒரு முனையாக நகர்த்தி நகர்த்திப் பழையபடி திருப்பினாள். தண்ணீர் பாட்டிலை வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த தெருவுக்குப் போனாள்.

இந்தத் தடவை கதவுகளைப் பார்க்கவில்லை, துணி காயப்போட்ட கொடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒன்பதாவது வீட்டு மாடியில், கைக்குட்டை அளவுத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் கதவைத் திறந்தாள். இவள் விஷயத்தைச் சொன்னாள். “குழந்தைக்குப் போட்டுட்டியாம்மா?”

“இல்லைங்க. வாசனையே இல்ல, இதைப் போய் எவன் வாங்குவான்னு அவரைத் திட்டி, அலமாரியில போட்டுட்டேன்.”

உள்ளே போய்க் கட்டியை எடுத்துவந்து கொடுத்தாள். சுற்றின தாள் பிரிக்காமல் இருந்தது. இவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். குழந்தையின் கழுத்து மடிப்பை ஒரு பார்வை பார்த்தாள்.

“நல்லா ஈரம் போகத் துடைச்சு விடும்மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இன்னும் எட்டு. அவை யார் வீட்டில் இருக்கின்றன என்று கேட்க ஆளில்லை. கடை திறக்கிற நேரமாகியிருந்தது. அந்தக் கண்ணாடிக் கதவருகே நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்பதற்குப் போனாள்.