இரண்டு தெரு தள்ளி ஒரு கிளாரினெட்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவரை எல்லோரும் 'ரீவைண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்டச் சக்கரம் சுற்றும். அவர் வில்லையை விரல் நுனியில் பிடித்து, ஃப்ரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் பழைய டேப் ரெக்கார்டரில் கிளாரினெட் ஓடும். பதினோரு நிமிஷம். முடிந்ததும் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. இருபத்திரண்டு வருஷமாக அதே கிளாரினெட்காரர்தான்.

"உலகத்துல வேற யாருமே வாசிக்கிறதில்லையா?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார்.

"வாசிக்கிறாங்க சார். என் காதுக்குள்ளதான் போக மாட்டேங்குது."

இவ்வளவு பித்து இருந்தும் மனுஷர் அந்தக் கிளாரினெட்காரரை நேரில் கேட்டதில்லை. ஒரு தடவை டிக்கெட் வாங்கினார், மாமனாருக்கு ஆபரேஷன் வந்தது. இன்னொரு தடவை வாங்கினார், அவருக்கே அம்மை போட்டது. அதனால் ஐந்து மணி நேரம் தள்ளியிருந்த நகரத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி என்று தெரிந்ததும், டிக்கெட் வாங்கியதையே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மனைவியிடம்கூட முந்தின நாள்தான் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவளுக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் கழுத்தில் தொங்கும் விசில். அதுவும் ஒரே சுரம்.

"போயிட்டு வாங்க. திரும்பி வந்து பதினோரு நிமிஷமும் சொல்லிக் காட்டாதீங்க" என்றாள்.

காலை ஏழு மணி பஸ். ஜன்னலோரம். காதில் கிளாரினெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், நகரம் வருகிற வரைக்கும் கழற்றவில்லை. எல்லைக்குள் நுழையும்போது போன் சார்ஜ் தீர்ந்து கறுத்துப்போனது. அதனால் என்ன, இனி ஆளையே பார்க்கப் போகிறோமே என்று அதைப் பையில் போட்டார்.

ஹால் வாசலில் பூட்டு தொங்கியது. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "கச்சேரி இல்ல சார். நேத்து மழையில மேடை மேலயே கூரை ஒழுகிடுச்சு" என்றார்.

எதிரே இருந்த டீக்கடையில் கெஞ்சிப் போனைச் சார்ஜில் போட்டார். உயிர் வந்ததும் அது அடங்காமல் துடித்தது. பதினேழு தவறிய அழைப்புகள். எல்லாம் மனைவி. யாருக்கு என்ன ஆச்சோ என்று உடனே கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

"ஹால் வாசல்ல. கச்சேரி ரத்தாம்."

"தெரியும். உங்க ஆளு இங்க இருக்காரு."

"எங்க?"

"எங்க ஸ்கூல்ல. ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து டீ குடிக்கிறாரு. எங்க ஹெட்மிஸ்டரஸ் தம்பியாம். மூணு நாளா அக்கா வீட்லதான் இருந்திருக்காரு, உங்க கடைக்கு ரெண்டு தெரு தள்ளி. அங்க கச்சேரி நின்னுபோச்சுன்னதும், சும்மா உக்காந்திருக்காம நம்ம ஹால்ல வாசிடான்னு அக்கா சொல்லிட்டாங்க. மூணு மணிக்கு."

டீக்கடைக் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது.

"பதினெட்டு வருஷமா அங்க வேலை பாக்குறியே, அவங்க தம்பி யாருன்னு தெரியாதா உனக்கு?"

"என் தம்பி ஊர் ஊராப் போய் ஊதுறான்னு சொல்வாங்க. சிகரெட் பழக்கம்னு நினைச்சு நான் மேல கேக்கல."

அடுத்த பஸ் பன்னிரண்டு நாற்பதுக்கு. ஏறிவிட்டார். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஐந்தரைக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. ஆனாலும் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தார், பஸ் அதனால் கொஞ்சம் வேகமாகப் போகும் என்பது போல.

சரியாக மூன்று மணிக்கு மனைவி அழைத்தாள். "மேடை பக்கத்துல போனை வச்சிருக்கேன். கேளுங்க."

நாற்காலி இழுபடும் சத்தம். இருமல். பிறகு ஹெட்மிஸ்டரஸின் வரவேற்புரை, ஒன்பது நிமிஷம். தம்பியின் சின்ன வயசுக் காய்ச்சல் வரைக்கும் சொன்னார். அப்புறம் அமைதி. ரீவைண்டு போனைக் காதோடு அழுத்தினார். பஸ் மலைப்பாதைக்குள் திரும்பியது. சிக்னல் போயிற்று.

முக்கால் மணி நேரம் கழித்துச் சிக்னல் திரும்பியபோது அவரே கூப்பிட்டார். மனைவி எடுத்தாள். போனுக்குள் மழை கொட்டுவது போல ஒரே சத்தம். அவர் முகத்தைப் பார்த்த கண்டக்டர் குனிந்து, "வீட்ல ஏதாவது கெட்ட செய்தியா சார்?" என்றார்.

"இல்ல. கைதட்டுறாங்க" என்றார் ரீவைண்டு.

பள்ளிக்கூட ஹாலுக்குள் அவர் மூச்சிரைக்க நுழைந்தபோது மேடை காலி. கிளாரினெட்காரர் ரயிலுக்குக் கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது. மனைவி தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றார். நல்லாத்தான் இருந்துச்சு என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஆளுக்கு இருக்கிற நுரையீரல் என் ரிலே டீம்ல ஒருத்திக்கும் கிடையாதுங்க. ஒரு இடத்துல நாப்பத்தோரு செகண்டு, ஒரே மூச்சு. ஸ்டாப் வாட்ச்ல பாத்தேன்."

"கச்சேரியில ஸ்டாப் வாட்ச் வச்சா பாத்த?"

"கையிலதானே இருக்கு. இன்னொண்ணு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இடது ஷூவைக் கழட்டி ஓரமா வச்சுட்டாரு. அந்தக் கால் கட்டைவிரலாலதான் தாளம் போடுறாரு."

இருபத்திரண்டு வருஷத்தில் எந்த டேப்பும் அவருக்கு இதைச் சொன்னதில்லை. பொறாமையாக இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு சிரிப்பும் வந்தது.

"என்னைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன். உங்களைக் கேக்கத்தான் அந்த ஊருக்குப் போயிருக்காருன்னேன். தலையில கை வச்சுச் சிரிச்சாரு. இந்த ஹால்ல எதிரொலி மோசம், அவரு தப்பிச்சாருன்னு சொல்லச் சொன்னாரு."

"கடைசியா எதை வாசிச்சாரு?"

அவளுக்குப் பாட்டின் பெயரெல்லாம் தெரியாது. கொஞ்சம் யோசித்து, கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு முனகிக் காட்டினாள். சுருதி எங்கேயோ போனது. ஆனால் பாட்டு எது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அங்க கீழ இறங்கணும். நீ மேல போற" என்றார்.

"டேப்புல இறங்கட்டும். இன்னைக்கு மேலதான் போனாரு. நான் ரெண்டாவது வரிசையில இருந்தேன்."

ரீவைண்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"சரி. மேல போயிட்டு?"