கெல் நான்கிவெல்லின் ராணி

அந்த ராணி நான்தான். கிரீடம் கிடையாது, தலையில் சமையலறை வலைத்தொப்பி. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வார்டில் காலையும் மாலையும் டீ வண்டி தள்ளுகிறேன். ஆனால் இது என் கதை இல்லை. டாம்சின் போல்கிங்ஹார்ன் என்ற பெண்ணின் கதை.

டாம்சினின் அப்பா துறைமுகத்துப் பக்கம் கோதுமைக் கிடங்கில் வேலை செய்கிறார். அவள் அடிலெய்டில் கலைப் படிப்பையும் நர்சிங்கையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிறாள். நாலு வருஷம், ரெண்டு பட்டம். கலையில் வரலாறு. மூன்றாம் வருஷத்தில் ஆறு வார வார்டுப் பயிற்சிக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். பகலில் நோயாளிகளைக் குளிப்பாட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் என் சமையலறையில் உட்கார்ந்து, ஒரு கையில் இறைச்சி அடைத்த பேஸ்டியும் மறு கையில் பேனாவுமாகப் பழைய பஞ்ச காலத்துக் கடிதங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவாள். வார்டில் அவளுக்குப் பெயரே புரொபசர்.

பயிற்சி மாணவிகளைக் கண்காணிப்பவள் லின்லி ஸ்வார்ஸ். நல்ல நர்ஸ், கறார் பேர்வழி. முதல் வாரத்திலேயே புரொபசர் அவளிடம் மாட்டிக்கொண்டாள். ஒரு கிழவியைப் பற்றிய நோயாளிக் குறிப்பில், "வராத மகனுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று டாம்சின் எழுதியிருந்தாள். எனக்கென்னவோ அது உண்மை என்றுதான் பட்டது. லின்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது கதைப் புத்தகம் இல்ல. கண்ணால பாத்தத எழுது, காதால கேட்டத எழுது. உன் யோசனைய எல்லாம் யூனிவர்சிட்டியிலயே வச்சுட்டு வா" என்றாள்.

இரண்டாம் வாரமும் அதே குற்றம், அதே அர்ச்சனை. மூன்றாவது தடவை நடந்தால் பயிற்சியில் தேற மாட்டாய் என்று எழுத்தில் கொடுத்துவிட்டாள். இரண்டு பட்டங்களின் கால அட்டவணையையும் கோத்து வைத்திருப்பதால், ஒரு பயிற்சி போனால் ஒரு வருஷமே போகும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை செய்தாள் டாம்சின்.

மூன்றாம் வாரம் கெல் நான்கிவெல் வந்தார். எண்பத்தொரு வயது, பார்லி விவசாயி, மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்ய ஏணியில் ஏறி, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அடிலெய்டில் அறுவை முடித்து, நடை பழக எங்களிடம் அனுப்பினார்கள். எங்கள் ஊர் ஆண்கள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் கிண்டல் செய்வார்கள். அதில் கெல் தலைவர்.

தினமும் காலையில் நோயாளியிடம் பெயர், இடம், நாள் கேட்க வேண்டும், நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க. அவர் வந்த மறுநாள் டாம்சின் கேட்டபோது நான் அப்போதுதான் டீயை வைத்திருந்தேன்.

"இடமா? பக்கிங்ஹாம் அரண்மனை. வருஷம் அம்பத்தாறு. இப்பத்தான் ராணியே டீ கொண்டாந்து வச்சுட்டுப் போறா. சக்கரைதான் பத்தல" என்றார் கெல்.

நான் பாவாடை விரிப்பதுபோல் ஏப்ரனை விரித்துக் குனிந்து வணங்கினேன். டாம்சின் சிரித்த சிரிப்பில் அடுத்த கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

பிறகு அவள் போய்க் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதினாள். லின்லியின் தாள் பையில் இருந்ததா, யோசனை எதையும் சேர்க்கவில்லை. இடம் கேட்டதற்கு "பக்கிங்ஹாம் அரண்மனை" என்றார், வருஷம் "1956" என்றார், "ராணி டீ கொண்டு வந்தார்" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அன்று இரவுப் பணிக்கு வந்தவள் வெளியூர்க்காரி. அதைப் படித்துவிட்டு "குழப்பம்" என்று எழுதினாள். மறுநாள் "குழப்பம் நீடிக்கிறது". அதற்கடுத்து "இரவில் தனியே விட வேண்டாம்". நாலாம் நாள் டாக்டர், கெல்லின் மகள் ராஸ்லினை அடிலெய்டிலிருந்து வரச் சொன்னார். அப்பா இனித் தனியாக இருக்க முடியாது, அடிலெய்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் வராந்தாவில் நின்று அழுதாள். வீட்டுக்குப் போய் நாய்க்குச் சோறு வைக்க வேண்டும் என்று கெல் திரும்பத் திரும்பச் சொன்னார். அதையும் குழப்பம் என்றே எழுதினார்கள். நாய் உயிரோடுதான் இருந்தது, பக்கத்து வீட்டில்.

வெள்ளிக்கிழமை மதியம் டாம்சின் என் சமையலறைக்கு வந்தாள். வரலாற்று வகுப்பில் ஒரு செய்தியை யார் முதலில் சொன்னார்கள் என்று பின்னோக்கித் தேடிப் போகச் சொல்லிக்கொடுப்பார்களாம். கெல்லின் குறிப்புகளை அப்படிப் படித்துப் பார்த்திருக்கிறாள்.

"ஒவ்வொருத்தரும் முந்தினவங்களப் பாத்து எழுதிருக்காங்க. எல்லாருக்கும் முன்னாடி நான் நிக்கிறேன்."

"நானும்தானே சிரிச்சேன்" என்றேன். ஆனால் டீ வண்டிக்காரிக்குக் குறிப்பு எழுத அனுமதி இல்லை. எழுதியதை அழிக்கவும் முடியாது. தாமதப் பதிவு என்று புதிதாக ஒன்றுதான் போடலாம், அதில் எழுதியவர் பெயரும் காரணமும் இருக்கும். தான் புரிந்துகொண்டதை அதில் எழுதினால் லின்லிக்கு அதுவே மூன்றாவது குற்றம். பேசாமல் இரு பெண்ணே, நான் போய் லின்லி காதில் போடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

"இந்தப் பதில்களைச் சொன்னபோது அவர் விளையாடினார் என்று நான் புரிந்துகொண்டேன். நான் சிரித்தேன். டீ கொண்டு வந்தவரும் சிரித்தார். அதை அன்று எழுதாதது என் தவறு." இதுதான் அவள் எழுதியது. லின்லி அதை இரண்டு முறை படித்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். திங்கள் காலை மறுபடி சோதிப்பதாக முடிவாயிற்று.

திங்கள் காலை ராஸ்லின், டாக்டர், லின்லி, டாம்சின் எல்லோரும் கட்டிலைச் சுற்றி. நான் வேண்டுமென்றே டீயை மெதுவாக ஊற்றினேன். டாம்சின் முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள்: "கெல், இன்னிக்கு மட்டும் வெளையாடாதீங்க. வீட்டுக்குப் போறது இதுலதான் இருக்கு."

டாக்டர் வருஷம் கேட்டார். கெல் ஜன்னலைப் பார்த்தார்.

"ராணியக் கேளுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

டாக்டர் மறுபடி கேட்டார். கெல் போர்வை நுனியை மடித்தார், பிரித்தார். பிறகு டாம்சினைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியலம்மா. ரெண்டு வருஷமாவே தெரியல. சிரிக்க வச்சுட்டா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

எனக்குக் கெட்டில் கனத்தது. டாம்சின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் எழுதிய குறிப்பில் அவர் சொன்னதும் இருந்தது, சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் போர்வையை மடித்தார் என்பதும் இருந்தது. வெள்ளிக்கிழமை எழுதியதில் தன் ஊகம் பாதிதான் சரி என்பதும் இருந்தது. லின்லி அதில் கை வைக்கவில்லை.

அதைப் படித்த பிறகுதான் டாக்டர் முழுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிகிறதா என்று சோதிக்கும் பெண் ஒருத்தி வந்து, பயிற்சிச் சமையலறையில் கெல்லை இரண்டு நாள் பார்த்தாள். டீ போட்டார், அடுப்பை அணைத்தார், மாத்திரைகளைச் சரியாக எடுத்தார், மகளின் போன் எண்ணைச் சொன்னார். தேதியும் கிழமையும்தான் நிற்கவில்லை. உதவி இருந்தால் வீட்டில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தாள். முதியோர் இல்லத்து இடம் வேறு யாருக்கோ போயிற்று.

டாம்சினுக்கு லின்லி, குறிப்பு எழுதுவதில் தேறவில்லை என்றே போட்டாள். பயிற்சி முழுவதையும் பறிக்கவில்லை. ஜூலை விடுமுறையில் இரண்டு வாரம் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். டாம்சின் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. ஒரு வாரம் லின்லியின் சாசரில் பிஸ்கட் வைக்கவில்லை.

கெல் கிளம்பிய அன்று ராஸ்லின் காரை வாசலுக்குக் கொண்டுவந்தாள். செவ்வாயும் வெள்ளியும் நர்ஸ் வீட்டுக்கு வருவார் என்று டாம்சின் சொன்னாள். கெல் தலையாட்டினார். சக்கர நாற்காலி நகர்ந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். மகள் நின்றாள், நான் நின்றேன், லின்லியும் நின்றாள். அத்தனை பேர் முன்னாலும் கெல் கேட்டார்:

"அத ஒரு தாள்ல எழுதிக் குடும்மா. மறந்துருவேன். பெரிசா எழுது."