மஞ்சள் வைத்த பாஸ்போர்ட்

இந்த ஊர்க் கடைகளில் மஞ்சள்தூளைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து மருந்துபோல விற்கிறார்கள். ஒரு குப்பி எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு ஒரு வாரம்கூட வராது. பர்மிங்காமுக்கு வந்து ஐந்து வருடம் ஆகியும் அதைக் கையில் எடுத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வந்த புதிதில் ஒரு சிட்டிகை மஞ்சளால் என் வேலையே போகப் பார்த்தது.

நம்மூரில் புதிதாக ஒருவன் வந்தால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்போம். இங்கே நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நம்மூர் பி.எஃப். மாதிரி ஒன்று என்றுதான் முதலில் நினைத்தேன். அதைவிடப் பெரிய சமாசாரம் அது. சம்பளத்தில் பிடிப்பது, நோயில் படுத்தால் கிடைப்பது, வயதான பிறகு வரும் பென்ஷன் எல்லாம் அந்த ஒரே எண்ணின்கீழ் சேரும். எத்தனை கம்பெனி மாறினாலும் எண் மாறாது. நான் கட்டட வரைபடம் போடுகிறவன். என்னை வரவழைத்த அலுவலகத்தின் மேலாளர், “எண் மெதுவாக வரட்டும். விண்ணப்பித்த அத்தாட்சி திங்கட்கிழமைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டார். வேலை போனால் விசாவும் போகும். கீரப்பாளையத்தில் மனைவியும் கைக்குழந்தையும் நான் கூப்பிடும் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

போனில் நேரம் வாங்கி, அந்த எண் கொடுக்கும் அரசு அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். என் பாஸ்போர்ட்டைத் திறந்ததும் மார்கரெட் என்ற நரைத்த தலை அம்மாளின் கை நின்றது. முதல் பக்க மூலையில் மஞ்சள் திட்டு, அதன் நடுவே குங்குமப் பொட்டு. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“சாப்பாடு சிந்திவிட்டதா?”

“இல்லை. என் மச்சான் வேண்டுமென்றே வைத்தது.”

“வேண்டுமென்றேவா?”

“பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று. அவன் லாரிக்கும் இப்படித்தான் வைப்பான்.”

அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். “உங்களுக்கு லாரித் தொழில் இருக்கிறதா?”

“இல்லை, மச்சானுக்கு.”

“அவர் இந்த நாட்டில் வேலை செய்கிறாரா?”

வாயைத் திறக்கத் திறக்கக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. பாஸ்போர்ட்டில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, மேலதிகாரியைக் கேட்க அதை உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

மச்சான் செல்வம் என் மனைவியின் தம்பி. காடாம்புலியூர்க்காரன். பண்ருட்டியிலிருந்து பலாவும் முந்திரியும் ஏற்றிப் போகும் லாரிக்குச் சொந்தக்காரன். நான் புறப்பட்ட அன்று லாரியைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவன், என் காகிதங்களையும் தாம்பாளத்தில் பரப்பிவிட்டான்.

“டேய் மச்சான், அது கவர்மென்ட் புக்குடா. வீணாப் போயிடும்.”

“என் வண்டி இத்தினி வருசமா எங்கியாவது கவுந்துதா மாமா? எல்லாம் இந்த மஞ்சாதான். நீங்க கம்முனு நில்லுங்க.”

நானும் கம்மென்று நின்றேன். என் மனைவி சிரித்துக்கொண்டே குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தாள்.

மேலதிகாரி வந்தார், நெட்டையான மனிதர். சிதம்பரத்தில் வாங்கிய பட்டச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், வேலைக் கடிதம் என்று என் காகிதங்களை மேசையில் வரிசையாக அடுக்கினார். எல்லாவற்றிலும் அதே மூலை, அதே மஞ்சள், அதே பொட்டு.

“ஒன்றைக்கூட விடவில்லையா?” என்றார்.

“விட மாட்டான் சார். என்னையும் விடவில்லை” என்று என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். “ஒரு காகிதத்தில் இருந்தால் கறை. எல்லாவற்றிலும் இருந்தால் அது அவர்கள் வழக்கம்” என்று மார்கரெட்டிடம் சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். அத்தாட்சிக் கடிதத்தில் முத்திரை குத்தப் போன மார்கரெட் நிமிர்ந்து, “இது உண்மையிலேயே பலிக்குமா?” என்று கேட்டார்.

“நீங்கள்தான் மேடம் சொல்ல வேண்டும்” என்றேன். முத்திரை விழுந்தது. எனக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சில வாரங்களில் அட்டை தபாலில் வந்தது. ஒரு பக்கம் என் பெயரும் எண்ணும். மறுபக்கம் ஒரு வரி: இது அடையாளச் சான்று அல்ல. இத்தனை பாடுபட்டு வாங்கிய அட்டை, நீ யார் என்று எனக்குத் தெரியாது என்கிறதே என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

போன வருடம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். கிளம்பும் நாளில் மச்சான் தாம்பாளத்தோடு வந்து நின்றான். “இந்த தபா என்னா புதுசு, எடுங்க மாமா.” நான் அட்டையை நீட்டினேன். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“இதான் அந்த ஊரு நம்பரா? நாலு வருசமா இத வெறுமனவா வச்சினு சுத்துறீங்க?”

மஞ்சளில் கட்டைவிரலைத் தோய்த்து, நிதானமாக ஓர் அழுத்து அழுத்தினான். விரலை எடுத்தபோது, அடையாளச் சான்று அல்ல என்ற வரி இருந்த இடத்தில் அவன் கைரேகை இருந்தது. பர்மிங்காமுக்கு வந்த பிறகும் நான் அதைத் துடைக்கவில்லை.