நான் திருத்திய பஞ்சாங்கம்

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். அதில் பாதிச் சம்பளம், ல, ள, ழ மூன்றையும் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டதைச் சிவப்பு மையால் சுழித்ததற்காகவே கிடைத்திருக்கும். "மூணாங் கிளாஸ் பிள்ளைகூட எழுதுமே இதை" என்று எத்தனை பேரைக் குத்திக் காட்டியிருப்பேன். மூன்றாம் வகுப்பில் நான் செய்த காரியத்தை மட்டும் அவர்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வகுப்பு என் கைக்கு அடங்கியிருக்காது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் சாலையில் இறங்கி உள்ளே ஒரு கல் தொலைவு நடக்க வேண்டும். அப்பா அங்கே மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பயிர் செய்தார். நிலம் டவுனில் இருந்த ஒரு மிராசுதாருடையது. அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய வயல்களை மேற்பார்த்த ஏஜெண்டைத்தான் பார்த்திருக்கிறேன், குடையோடு. மழைக்கும் குடை, வெயிலுக்கும் குடை, இரண்டும் இல்லாவிட்டால் அது கைத்தடி. தெருவின் மறுகோடியில் பெரியப்பா வீடு. அப்பாவுக்கு ஒரே அண்ணன். அவருக்கும் அதே மிராசுதாரின் ஆறு ஏக்கர் குத்தகை.

நான் சொல்ல வந்த அந்த வருஷத்துக்கு ராட்சச வருஷம் என்று பெயர். அறுபது தமிழ் வருஷங்களில் அப்படியும் ஒன்று உண்டு. அம்மா அதை வருஷத்தின் பெயராக எடுத்துக்கொள்ளவே இல்லை, ஆளின் பெயராகவே எடுத்துக்கொண்டாள். "பேரே ராட்சசன்னு வச்சுட்டு வேற என்ன நடக்கும்" என்பாள். ஆடியில் அப்பா தாசில்தார் ஆபீஸில் போய்த் தன் குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லி மனுக் கொடுத்தார். சட்டம் வந்திருக்கிறது, பதிவு இருந்தால் யாரும் வெளியேற்ற முடியாது என்று கட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மிராசுதாருக்குக் கோபம் வந்தது. ஐப்பசி மழையில் எங்கள் இரண்டு மாடுகளில் ஒன்று அடைப்பான் நோய் கண்டு ஒரே நாளில் செத்தது. மிஞ்சியது செவலை ஒன்றுதான். தையில் சென்னையில் ஆட்சியையே கலைத்துவிட்டார்கள். அப்பாவுக்குத் துணை நிற்கிறோம் என்ற கட்சிக்காரர்களில் ஒருவர் ஜெயிலுக்குப் போனார், மற்றவர்கள் மாமியார் வீட்டில் போய் ஒளிந்துகொண்டார்கள். "ஆட்சியே போயிடிச்சு, இனிமே ஒன் சட்டம் எங்க இருக்குப்பா?" என்று ஏஜெண்டு எங்கள் வாசலில் நின்று கேட்டார்.

மாசியில் அவர் இன்னொன்றும் சொன்னார். சித்திரை முதல் நாள் அந்த மூன்று ஏக்கரில் பெரியப்பாவின் ஏர்தான் பூட்டும் என்று.

இதைப் புரிந்துகொள்ள நல்லேர் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். புது வருஷம் பிறக்கிற காலையில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வயலில் நாலு சால் உழுவோம். விதைப்பதற்காக அல்ல. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கும், மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இந்த வருஷம் இந்த வயலை உழப்போகிறவன் நான்தான் என்று மண்ணுக்கும் ஊருக்கும் சொல்வதுதான் அது. எந்த வயலில் யார் நல்லேர் பூட்டினாரோ அவர்தான் குடியானவர். தாசில்தார் விசாரிக்க வந்தாலும் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

பெரியப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பா அவர் வீட்டுக்கே போய்க் கேட்டார். பெரியப்பா கயிறு திரித்துக்கொண்டே இருந்தாராம், நிமிரவில்லையாம். அப்பா அங்கே பேசிய பேச்சு தெருக்கோடி வரை கேட்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. "கூடப் பொறந்தவரே இப்படின்னா ஊரான் என்னதான் பண்ண மாட்டான்" என்று அம்மா அழுதாள். பெரியப்பா வீட்டுப் பக்கம் போனால் காலை ஒடிப்பதாக எனக்கு உத்தரவு.

எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். பெரியப்பாவுக்கு நான் செல்லம். அறுபது வருஷத்தின் பெயரும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மாட்டின் வயது, பிள்ளைகளின் வயது, புயல் அடித்தது, கிணறு வெட்டியது எல்லாவற்றையும் அந்தப் பெயர்களில்தான் சொல்வார். நான் பிறந்தது கீலக வருஷம் என்பதால் என்னை "ஏ கீலகம்" என்றே கூப்பிடுவார்.

பங்குனிக் கடைசியில் அப்பா சந்தையிலிருந்து புதுப் பஞ்சாங்கம் வாங்கி வந்தார். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

"வர்ற வருஷம் பேரு என்னன்னு பாரு" என்றாள் அம்மா.

அட்டையில் பெரிய எழுத்தில் 'நள௵ பஞ்சாங்கம்' என்று போட்டிருந்தது. அந்தக் கடைசிச் சுழி வருஷத்தைக் குறிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அச்சில் மை ஊறிவிட்டது என்று நினைத்தேன். இப்படிக் கோணல்மாணலாக அச்சடிக்கிறவன் எழுத்தை மட்டும் சரியாகவா போட்டிருப்பான்? நள என்று ஒரு சொல்லே கிடையாது. எங்கள் வாத்தியார் அந்த வாரம்தான் விடுபட்ட எழுத்தை நிரப்பச் சொல்லிக் கொடுத்திருந்தார். விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. "நல்ல வருஷம்மா" என்றேன்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நல்ல வருஷமா? அப்படியேவா போட்டிருக்கு?"

"நல்ல வருஷம்னுதான் பேரு. அச்சுல தப்பா இருக்கு." பென்சிலை எச்சில் தொட்டு, ளகரத்தை அடித்து, மேலே அழுத்தமாக 'ல்ல' என்று எழுதினேன். அம்மா அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் குளத்தங்கரை முழுக்கச் செய்தி போய்விட்டது. ராட்சசன் போகிறான், பின்னாலேயே நல்ல வருஷம் வருகிறது, பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வருஷம் எல்லாருக்குமே அடி பட்டிருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியப்பா குளத்தில் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் சாம்பல் நிற மயிலை மாடுகள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

"ஏ கீலகம். என்னமோ நல்ல வருஷம் பொறக்கப் போவுதாமே?"

இரண்டு மாதம் கழித்துக் கேட்ட குரல். உத்தரவு எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "ஆமா பெரியப்பா. நளன்னு தப்பாப் போட்டுட்டாங்க. நான்தான் பென்சில்ல திருத்தினேன்."

பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ திருத்திட்டியா? சரி, திருத்தினது திருத்தினதாவே இருக்கட்டும்" என்றார்.

எனக்குத் தைரியம் வந்தது. "நல்ல வருஷத்துல போயி எங்க வயல்ல ஏர் பூட்டுவீங்களா பெரியப்பா?"

அவர் மாட்டின் முதுகை வைக்கோலால் தேய்த்துக்கொண்டே, "உங்க செவலை எந்தப் பக்கம் இழுப்பான்? வலத்துலயா, இடத்துலயா?" என்று கேட்டார்.

"வலத்துல."

"ம்" என்றார். நான் கேட்டது ஒன்று, இவர் மாட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு வருத்தமாகப் போயிற்று. வீட்டில் எதுவும் சொல்லவில்லை, எனக்குக் கால் வேண்டுமே.

சித்திரை முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் அம்மா கேட்டாள்: "ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" அப்பா கேட்ட வீடுகளில் எல்லாம் இல்லை என்றுவிட்டார்கள். எல்லாருமே அந்த மிராசுதாரின் நிலத்தில் இருந்தவர்கள். அப்பா செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இந்தப் பக்கம் இவன் இழுக்கட்டும். அந்தப் பக்கம் நுகத்தடிக்கு நான் கழுத்தைக் குடுக்கறேன். நீ மேழியைப் புடி" என்றார். ஏரின் கைப்பிடியைப் பெண்கள் தொடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா விடிவதற்கு முன் எழுந்து குளித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

வயலுக்குப் போனோம். வரப்பில் ஏஜெண்டு குடையோடு நின்றார், பக்கத்தில் இரண்டு ஆட்கள். ஊரும் தள்ளித் தள்ளி நின்றது. அப்பா யாரையும் பார்க்காமல் கலப்பையை இறக்கி, செவலையை வலப்பக்கம் பூட்டினார். இடப்பக்கம் நுகத்தடி ஆளில்லாமல் தொங்கியது. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா குனிந்தார். எனக்கு அழுகை முட்டியது. பஞ்சாங்கத்தில் அத்தனை அழுத்தி எழுதியும் நல்ல வருஷம் இன்னும் வந்து சேரவில்லையே.

பெரியப்பா அப்போதுதான் வந்தார். தோளில் கலப்பை இல்லை. ஒரே ஒரு மயிலை மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொம்பில் மஞ்சள் வைத்திருந்தது.

"என்னய்யா, ஏரு எங்க? இன்னொரு மாடு எங்க?" என்றார் ஏஜெண்டு.

"ஒண்ணு போதும்ங்க. தம்பிகிட்ட ஒண்ணு இருக்கு."

சொல்லிவிட்டு நேரே வந்து, குனிந்திருந்த அப்பாவை ஒரு கையால் நகர்த்திவிட்டு, மயிலையை இடப்பக்கம் பூட்டினார். இடத்தில் இழுத்துப் பழகிய மாடு அது. அப்பா மேழியைப் பிடித்தார், பெரியப்பா மாடுகளுக்கு முன்னால் நடந்தார். நாலு சால். புது ஜோடி மாடுகள் என்பதால் நாலும் கோணல். உழுது முடிந்ததும் அம்மா செம்பில் பானகத்தைக் கொண்டுபோய், "குடிங்க மாமா" என்றாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"ஐயாகிட்ட நான் என்னன்னு போயிச் சொல்றது?" என்று ஏஜெண்டு வரப்பிலிருந்து கேட்டார்.

பெரியப்பா என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வருஷம் பொறந்திருக்குன்னு சொல்லுங்க."

அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை. நான் சொல்லித்தான் பெரியப்பா மனம் மாறினார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மாசியிலேயே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் ஏஜெண்டு வெளியூரிலிருந்து வேறு ஏரைக் கொண்டுவந்து இறக்கியிருப்பார் என்பதும், அதற்காகவே தம்பியின் ஏச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு பெரியப்பா இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை என்பதும் மெல்ல மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. ஆனியில் தாசில்தார் விசாரணைக்கு வந்தபோது நல்லேர் பூட்டியது தம்பிதான் என்று முதலில் சாட்சி சொன்னவரும் அவர்தான். ஆடியில் அப்பாவின் பெயர் பதிவானது. அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியதும் நான்தான். அதில் தப்பு எதுவும் இல்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அந்த மூன்று ஏக்கர் நெல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தது. இன்றைக்கும் தட்டில் சோறு விழும்போது அந்த ஒத்தை மயிலையை நினைத்துக்கொள்கிறேன். பயிற்சிப் பள்ளியில்தான் ஒருநாள் அறுபது வருஷப் பெயர்ப் பட்டியல் கையில் கிடைத்தது. ராட்சச வருஷத்துக்கு அடுத்து, அச்சுப் பிழை எதுவும் இல்லாமல், நள. அனல் என்ற சொல்லிலிருந்து வந்தது, நெருப்பு என்று பொருள் என்றார் எங்கள் ஆசிரியர். தலைகீழ்ப் பாடமாக அறுபதையும் வைத்திருந்த பெரியப்பா குளத்தில் நின்று ஏன் அப்படிச் சிரித்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் பதிவு வந்த அதே ஆடியில் அவருடைய ஆறு ஏக்கரை மிராசுதார் பிடுங்கிக்கொண்டார். எழுத்தில் கேட்டால் ஐயா மனம் கோணும் என்று பெரியப்பா எதையும் பதிவு செய்துகொண்டதில்லை. பெரியம்மாவின் அண்ணன் பட்டுக்கோட்டையில் ஒரு தென்னந்தோப்பில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஆவணியில் சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பாவுக்குத் தோப்பு கிடைத்திருக்கிறது, இனி இளநீருக்குப் பஞ்சமில்லை. நல்ல வருஷம் என்றால் சும்மாவா?

மயிலையில் ஒன்றை விற்றுவிட்டார். இடத்தில் இழுப்பதை எங்கள் கொட்டிலிலேயே கட்டினார். "தோப்புல ஏருக்கு என்ன வேலை? இவன் செவலையோட பழகிட்டான்" என்றார். அப்பா வண்டியின் பின்தடியைப் பிடித்தபடியே நடந்தார், விடவே இல்லை. நான் முன்னால் ஓடி, வண்டிப்பாதை திரும்புகிற வரப்பில் ஏறி நின்றுகொண்டேன்.

"பெரியப்பா, அடுத்த வருஷமும் நல்ல வருஷம்தானான்னு நான் பாத்துச் சொல்றேன்."

"பாத்துச் சொல்லு கீலகம்."

வண்டி திரும்பியது. பெரியப்பா உட்கார்ந்தபடியே திரும்பி, கண்ணுக்கு எட்டும்வரை என் பக்கமே பார்த்துக்கொண்டு போனார். என் மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போய் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். எனக்குப் பின்னால் அவருடைய ஆறு ஏக்கர் இருந்தது. அதில் யாரோ நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.