டயர்க் கடையின் பெயரில் வந்த எச்சரிக்கை

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி ஆபீஸில் வெப்சைட் வேலை பார்த்தேன். தீபாவளிப் பலகாரப் பெட்டிகளை இணையத்தில் விற்கும் சின்னக் கம்பெனி, மொத்தம் நான்கு பேர். போன் எடுப்பவர் என் வயதுப் பெண். காப்பாரிலிருந்து பஸ்ஸில் கிள்ளான் வந்து, அங்கே ரயிலேறி வருவார். ஆர்டர்களை அச்செடுப்பதைத் தவிர கம்ப்யூட்டரில் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பழைய சர்வர் மெதுவாக இருக்கிறதென்று வெப்சைட்டை சுபாங் ஜெயாவில் இருந்த வேறொரு ஹோஸ்டிங் கம்பெனிக்கு மாற்றினேன். மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. கார்டு நம்பர் போடும் பக்கத்துக்குப் போனால் ஏதோ எச்சரிக்கை வருகிறதாம். என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். பாதுகாப்பான இணைப்பு என்று காட்டும் பூட்டுப் படம் திரையின் கீழே சரியாகத்தான் இருந்தது.

"இங்க ஓகேதான் லா. யெஸ் அழுத்திட்டுப் போகச் சொல்லுங்க," என்றேன்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவங்க கார்டு நம்பர் போடுற இடம். என்ன எழுதியிருக்குன்னே தெரியாம எப்படி யெஸ் அழுத்தச் சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. அவரோ, செமினி ஊரிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தவரிடம் திரும்பிவிட்டார். "அவசரமே இல்ல அங்கிள். அங்க இருக்கறத ஒவ்வொரு எழுத்தா படிங்க, நான் எழுதிக்கிறேன்."

அதற்கே பத்து நிமிடம் ஆனது. அடுத்து அழைத்த இருவரிடமும் அதையே கேட்டு எழுதி, தாளை என் மேசையில் வைத்தார். வெப்சைட் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் உள்ள பெயர் வேறு, இந்த வெப்சைட்டின் பெயர் வேறு என்பதுதான் எச்சரிக்கை. மூன்று பேரும் படித்த பெயர் ஒரு டயர்க் கடையுடையது.

"முறுக்குக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்? நீங்க வெளிய போய் ஒரு தடவ பாருங்களேன்."

கீழே இருந்த சைபர் கஃபேயில் போய்ப் பார்த்தேன். அதே டயர்க் கடை. வெப்சைட் புது சர்வருக்கு மாறிய விவரம் எங்கள் ஆபீஸ் இணைப்புக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. காலையிலிருந்து பழைய சர்வரைப் பார்த்துக்கொண்டே வாடிக்கையாளர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டேன். டெக்னீஷியன், "சான்றிதழ் போட்டாச்சே பாஸ்" என்றார். தாளைப் பார்த்து டயர்க் கடையின் பெயரை வாசித்தேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனி ஐபி எண், அதாவது இணைய முகவரி எண், வேண்டும். அவர்கள் எங்களையும் டயர்க் கடையையும் ஒரே எண்ணில் வைத்திருந்தார்கள். யார் வந்தாலும் டயர்க் கடைச் சான்றிதழைத்தான் சர்வர் நீட்டியது. தனி எண் தருவதாகச் சொன்னார், ஆனால் எல்லா ஊருக்கும் அது போய்ச் சேர ஒரு நாள் ஆகும்.

"அதுவரைக்கும் கார்டு பக்கத்த மூடி வைங்க," என்றார் போன் எடுக்கும் பெண். மூடினேன்.

மறுநாள் கார்டு பக்கத்தைத் திறந்துவிட்டு சைபர் கஃபேயில் பார்த்தேன், எச்சரிக்கை வரவில்லை. போனில் புகார் சொன்ன எல்லோரையும் அவரே திரும்ப அழைத்தார். "தப்பு எங்க மேலதான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் படித்தவன் நான். கோளாறைப் பிடித்தவர் அவர்.

கிள்ளான்காரர் ஒருவருக்கு மட்டும் பயம் தெளியவில்லை.

"சரி அங்கிள், கார்டே வேணாம். தினமும் கிள்ளான் ஸ்டேஷன்லதான் இறங்குறேன், கையிலயே கொண்டாந்து தரேன்."

அன்று மாலை இரண்டு பெட்டிகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாங்கிக்கொண்டாரா என்று மறுநாள் காலை கேட்டேன்.

"அங்கேயே பெட்டியத் தொறந்து ஒரு முறுக்கக் கடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினாரு," என்று சிரித்தார்.