புது ஹம்பக்கரும் போன கோடையின் சில்வண்டும்

காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த பிறகு அது கூடியதே தவிர குறையவில்லை. இங்கே தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பவன் நான் ஒருவன்தான், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. பாடகர் குழுவில் யாராவது இம்மி பிசகினால் வாசித்துக்கொண்டே திரும்பி முறைப்பேன்.

மலையின் மீதும் எனக்கு ஒரு புகார் இருந்தது. வந்த புதிதில் கோடை முழுக்கக் காதைத் துளைத்த சில்வண்டுகளைப் போன கோடையில் காணோம். மருந்தடித்தே கொன்றுவிட்டார்கள் என்று அலுவலகத்தில் ஒரு பிரசங்கமே செய்தேன். பக்கத்து மேசை நண்பர் இதே மலையின் எடப்புளி நாட்டுக்காரர், மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். "ஆமாங்க சார்" என்று தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் கிட்டாருக்குப் புது ஹம்பக்கர் வாங்கினேன். மின் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது பிக்கப் என்கிற காந்தச் சுருள். ஒற்றைச் சுருளாக இருந்தால் கூடவே ஓர் இரைச்சலும் வரும். இரண்டு சுருளைச் சேர்த்து அந்த இரைச்சலை அடக்கினால் அது ஹம்பக்கர். என் பழையதில் அல்நிகோ காந்தம், புதியதில் செராமிக். செராமிக் பளிச்சென்று கேட்கும் என்று வாசிக்கிறவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பற்றவைப்பதற்குள் முதல் ஒலி நினைவிலிருந்து நழுவிவிடும். அதனால் அதே கம்பி, அதே ஆம்ப், அதே ஸ்வரக்கூட்டுகள் என்று இரண்டையும் போனில் பதிவுசெய்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று கொதித்துப்போய், திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூட எடுத்துவைத்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ரெண்டாவதா போட்டதுதான் புதுசுங்களா? காதுல குத்துது."

சிரித்தேன். சங்கீத வாசனையே இல்லாதவள். "நான் திரும்பி நிக்கிறேன், மாத்தி மாத்திப் போடு பாப்போம்" என்றேன்.

போட்டாள். பழசு என்றேன். "இல்லீங்க." அடுத்ததைப் புதுசு என்றேன். "அதுவும் இல்லீங்க." மூன்றாவதும் தப்பியதும் பொய் சொல்கிறாய் என்று கத்தினேன். எந்தப் பதிவு ஓடுகிறது என்று அவள் போனை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். பிறகு அவள் திரும்பி நிற்க, நான் போட்டேன். அவளுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை.

"கம்பி மேல வெரலு தேயுற சத்தம் புதுசுல கீச்சுன்னு வருதுங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

எனக்கு அப்படி ஒரு சத்தமே கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தேன். வெளியே சாயங்கால வெயில், மிளகுக் கொடி ஏறிய மரங்கள், தூரத்தில் ஒரு பஸ்ஸின் உறுமல்.

"சில்வண்டு கத்துதா?" என்று கேட்டேன்.

"கத்திக்கிட்டேதானுங்க இருக்குது. மத்தியானம் கண்ணசர முடியல."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் அலுவலக நண்பரிடமும் கேட்டேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "கத்துதுங்க சார். நீங்க அவ்வளவு வருத்தப்பட்டுச் சொல்றப்ப கத்துதுன்னு எப்படீங்க சொல்றது?"

நாமக்கல்லில் சோதித்துப் பார்த்த மருத்துவர், உச்சஸ்தாயி ஒலிகள் என் காதைவிட்டுப் போய்விட்டன, இனி வராது என்றார்.

புது ஹம்பக்கரையே வைத்துக்கொண்டேன். அது பளிச்சென்றுதான் கேட்கிறதாம். கிட்டாரில் அந்தப் பளிச்சைக் கூட்டிக் குறைக்கிற குமிழை இப்போது நான் தொடுவதில்லை. ஆராதனைக்கு முன் மனைவி வந்து அதைத் திருகுவாள், கொஞ்சம் கேட்பாள், இன்னும் கொஞ்சம் திருகுவாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. "இப்பச் சரியா இருக்குதுங்க" என்று அவள் சொன்ன பிறகு வாசிக்கத் தொடங்குகிறேன்.