இரண்டு விரலுக்காக ஆண்டவரோடு சண்டை போட்டேன்

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, அவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கோபத்தோடுதான் சொல்லப் போகிறேன். சாட்சி என்றால் குரல் குழைய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தென்காசியில் கீபோர்டு வாசிக்கிறவன். பதினெட்டு வருஷமாக எங்கள் சபை ஆராதனையில் சம்பளமில்லாமல் வாசிக்கிறேன். பிழைப்புக்கு, சீசன் மாதங்களில் குற்றாலத்தில் பார் உள்ள ஒரு ஹோட்டலில் சாயங்காலம் வாசிப்பேன். அங்கே வாசிப்பது ஸ்மூத் ஜாஸ். பாட்டு வரி கிடையாது, ஆர்ப்பாட்டம் கிடையாது, நாலு பேர் நிதானமாகப் பேசிக்கொள்வது போலப் போகும். எனக்கு அது உயிர். நானே இசையமைத்து 'சாரல்' என்று ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தேன். மொத்தம் எட்டு உருப்படி. ஆறை வீட்டு மாடியறையிலேயே பதிவு செய்துவிட்டேன். இரண்டு பாக்கி.

போன வருஷம் ஜூன் மாதம், சாரல் தொடங்கிய வாரம், என் வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. முதலில் ஏதோ இரத்த ஓட்டக் கோளாறு என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் அந்த இரண்டு விரலும் சொல்பேச்சுக் கேட்கவில்லை. கீபோர்டு கட்டையை அழுத்தினால் நழுவின. ஹோட்டலில் மேனேஜர், "சரியான பிறகு வாருங்கள்" என்று மரியாதையாக அனுப்பிவிட்டார். ஏழாவது உருப்படி பாதியில் நின்றது. வலது கை இல்லாமல் கீபோர்டுக்காரன் எதற்கு? அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், என் மனைவி மெர்ஸியின் மடியில் தலையை வைத்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு நடந்ததுதான் என் கோபத்துக்குக் காரணம்.

எங்களைப் போன்ற சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்டர் ஜெபிக்க ஆரம்பித்தால் கீபோர்டு நிற்கக் கூடாது. அவர் குரலுக்குக் கீழே மெதுவாக ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று நாலு சுரங்களை, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அபிஷேகம், அதாவது இறங்கி வந்த பரிசுத்த ஆவியின் வல்லமை, போய்விடும் என்பார்கள். அன்றைக்கும் இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் ஜெபத்துக்கு நடுவே கண்ணைத் திறந்தார்.

"கர்த்தருக்குக் குடுத்த கைய, குடிக்கிற எடத்துல கொண்டுபோயி விக்கவனுக்கு என்ன நடக்குன்னு நம்ம கண்ணாலயே பாக்கோம்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. என்னைத் திட்டுவதற்கும் நான்தான் பின்னணி வாசித்தேன், தெரியுமா? அவர் நிறுத்துகிற வரைக்கும் அந்தக் கார்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. மறு ஞாயிறும் போய் வாசித்தேன் என்பது அதைவிட எரிச்சல். பழகிப்போன கழுத்து, நுகத்தடியைப் பார்த்ததும் தானாகக் குனிகிறது.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான்: எண்ணெய் மசாஜ், அப்புறம் அருவி. மெர்ஸியோடு ஐந்தருவிக்குப் போனேன். மசாஜ்காரர் முழங்கையைப் பிடித்து, "நரம்பு சுருண்டு கெடக்கு அண்ணாச்சி, எடுத்து விடுதேன்" என்று கட்டை விரலால் அழுத்தினார். உயிர் போனது. அதோடு விட்டேனா? நேரே போய் அருவிக்குக் கீழே முழங்கையை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். வெளியே வந்து சட்டை போட்டால் பொத்தான் மாட்ட முடியவில்லை. மெர்ஸிதான் மாட்டிவிட்டாள்.

வண்டி நிறுத்துகிற இடத்தில், ஈரத்தலையோடு, நின்றபடியே ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்லக் கூடாது, சண்டை. "பதினெட்டு வருஷம் உமக்கு வாசித்தேனே, இதுதான் கூலியா? சுகம் தரக்கூட வேண்டாம். ஏன் என்று மட்டும் சொல்லும். பாஸ்டர் சொன்னது உண்மை என்றால் நீரே என்னிடம் சொல்லும், அவர் வாயால் வேண்டாம்!" பக்கத்து வேனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெர்ஸி என் கையைப் பிடித்து, "கத்தியாச்சுல்லா? இனி அவர் பாத்துக்கிடுவாரு, வாங்க" என்றாள்.

நாலே நாளில் பதில் வந்தது. மெர்ஸி கூடவே நின்று என்னை ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஆயிஷா என்று ஒரு பெண், வடகரைக்காரி. அருவியில் நின்றது வரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையைத் தொட்டுப் பார்த்து, ஒரு மேசையைக் காட்டினாள்.

"நீங்க வாசிக்கும்போது எப்படி உக்காருவீங்களோ, இங்கன அப்படியே உக்காந்து காட்டுங்க அண்ணாச்சி."

ஹோட்டலில் உட்காருவதைக் காட்டினேன். அதில் குறையில்லை என்று தலையசைத்தாள். சபையில் உட்காருவதைக் காட்டினேன். இடது கை கார்டு பிடிக்க, வலது முழங்கை தானாக மேசை விளிம்பில் ஊன்றியது, நெற்றி உள்ளங்கையில் சாய்ந்தது. சபையில் என் வலப்பக்கம் ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். அதன் விளிம்பில்தான் ஊன்றுவேன்.

"இப்படி எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"பாஸ்டர் ஜெபிச்சு முடிக்க வரைக்கும்."

"எவ்வளவு நேரம் ஜெபிப்பாவ?"

"முக்கால் மணி நேரம். வாரத்துல மூணு நாள்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முழங்கைய இடிச்சா சுளீர்னு இழுக்கும்லா, அந்த நரம்பைத்தான் பதினெட்டு வருசமா நசுக்கிருக்கீங்க. அதுக்கு மேல அருவியில வேற காட்டிருக்கீங்க" என்றாள்.

நான் அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். என் விரலைக் கொண்டுபோனது ஜாஸ் அல்ல. ஹோட்டல் அல்ல. என்னைக் குற்றம் சாட்டின அந்த ஜெபத்துக்கு நான் முட்டுக்கொடுத்து உட்கார்ந்ததுதான். ஆண்டவரிடம் ஏன் என்று கேட்டேன், சொல்லிவிட்டார். அவரை அறியாத ஒரு பிள்ளையின் வாயால் சொன்னார். ஸ்தோத்திரம்!

முழங்கையை மடக்காமல் இருக்கத் துண்டைச் சுற்றிக் கட்டினேன். தினமும் பயிற்சி. விரல் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று ஆயிஷா முதலிலேயே சொல்லியிருந்தாள். காத்திருந்த மாதங்களில் ஏழாவது உருப்படியை மூன்றே விரலில் வாசித்துப் பதிவு செய்தேன். குறைவான சுரங்கள், நடுவே நிறைய இடைவெளி. ஆல்பத்தில் அதுதான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அக்டோபரில் ஒரு காலை, காபி டம்ளரின் சூடு சுண்டுவிரலில் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் மெர்ஸி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். எட்டாவது உருப்படியை ஐந்து விரலாலும் வாசித்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் 'சாரல்' வெளிவந்தது.

அதற்கு முந்தின ஞாயிறு பாஸ்டரிடம் போய், "ஐயா, பாட்டுக்கு வாசிப்பேன். நீங்க ஜெபிக்கும்போது இனிமே வாசிக்க மாட்டேன்" என்றேன். காரணத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

அன்றைய ஆராதனையில் பாட்டு முடிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாஸ்டர் ஜெபிக்க வாயைத் திறந்தார். கீழே இசை இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அவர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். பிறகு சாதாரணக் குரலில், "ஆண்டவரே, இவன் கைய நான் குத்தம் சொல்லிட்டேன். எல்லாரு முன்னாலயும் சொன்னேன். மன்னிச்சிரும்" என்றார். அவ்வளவுதான் அன்றைய ஜெபம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் ஜெபித்ததில் நான் உண்மையாக ஆமென் சொன்னது அதற்குத்தான்.

கோபம் முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது கோபம் வந்தால் அதை முதலில் ஆண்டவரிடம்தான் கொண்டுபோகிறேன். ஹோட்டலுக்கும் போகிறேன், சபைக்கும் போகிறேன். ஒரே கைதான், ஒரே நன்றிதான்.

உங்களுக்கும் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கலாம். யாரோ ஒருவர் அது உங்கள் பாவம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அதை நம்பிக்கொண்டு குனியாதீர்கள். நேரே ஆண்டவரிடம் போய்க் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் கத்திக் கேளுங்கள். அவர் காதில் விழ இசை ஒன்றும் தேவையில்லை. பதினெட்டு வருஷம் வாசித்தவன் சொல்கிறேன்.